நாடாவிலிருந்து கைப்பேசிக்கு

செய்து பார்த்தோம் – மாதப் பகுதி

சென்ற இரண்டு திங்களாக நம் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டே வகையின. பெரியவர்கள் எழுதியவை இவ்வாறு இருந்தன: "பரணில் ஒரு பெட்டி நிறையக் காசெட்டுகள் கிடக்கின்றன. டேப் ரிக்கார்டர் பழுதாகிப் பல ஆண்டுகள் ஆயின. எறிந்துவிட மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?" இளைஞர்கள் எழுதியவை வேறு: "பிடித்த இசையைக் கைப்பேசியில் அழைப்பொலியாக வைக்க மாதந்தோறும் பணம் கட்ட வேண்டுமா? நாமே செய்துகொள்ள இயலாதா?"

மேலோட்டமாகப் பார்த்தால் இவ்விரண்டு கேள்விகளுக்கும் தொடர்பு இல்லை. ஆனால் செய்து பார்த்தபோது இரண்டும் ஒரே வேலையின் இரு பகுதிகள் என்பது விளங்கியது. ஓர் இடத்தில் இருக்கும் ஒலியைக் கணினிக்குள் கொண்டுவருவது முதற்பகுதி. அதில் வேண்டிய துண்டை வெட்டி எடுத்து வேறிடத்தில் வைப்பது இரண்டாம் பகுதி. ஆகவே இரு சாராருக்கும் சேர்த்தே இம்மாதம் விடை கூறுகிறோம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இதற்குச் செலவாயின. பயன்படுத்திய மென்பொருள்கள் அனைத்தும் விலையில்லாதவை. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துப் பார்சல் அலுவலகத்தில் பேரேடு எழுதும் நமக்கே இது கைவந்தது என்றால், கல்லூரிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் வராமல் போகாது.

எதைக் காப்பாற்றுவது?

கருவியைத் தேடும் முன்னர்ப் பெட்டியைத் திறந்து காசெட்டுகளைப் பிரித்து வைக்க வேண்டும். நம் குடும்பங்களில் உள்ள காசெட்டுகளில் பாதிக்கு மேல் திரைப்படப் பாடல்களும் பக்திப் பாடல்களுமே. அவற்றைப் பற்றிக் கவலை வேண்டா. அவை ஆயிரக்கணக்கில் அச்சிட்டு விற்கப்பட்டவை. நம் காசெட்டு அழிந்தாலும் அப்பாடல் அழியாது.

கவலைக்குரியவை வேறு. வெளியூர்த் தொலைபேசிக்கு நிமிடக் கணக்கில் பணம் கட்டிய காலத்தில், ஊரிலிருந்து வருபவர் கையில் காசெட்டைக் கொடுத்தனுப்பிய குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. எழுதத் தெரியாத தாய் தன் மகனுக்குப் பேசியே அனுப்பிய கடிதங்கள் அவை. ஜி.டி. எக்ஸ்பிரஸில் சென்னையிலிருந்து நாகபுரி வந்து, ஒரு வீட்டில் ஒலித்துவிட்டு அதே காசெட்டில் மறுமொழி பதிவாகித் திரும்பிச் சென்றதும் உண்டு. திருமணத்து நாகஸ்வரம், பாட்டியின் தாலாட்டு, குழந்தை முதன்முதல் சொன்ன திருக்குறள், சங்கத்துப் பொங்கல் விழாவில் ஒருவர் பேசிய பேச்சு ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு உலகில் வேறு பிரதி இல்லை. நாடா அழிந்தால் குரலும் அழிந்தது. ஆகவே கையால் எழுதிய காசெட்டுகளையும், ஒன்றும் எழுதாத காசெட்டுகளையும் தனியே எடுத்து வையுங்கள். நம் உழைப்பு முழுவதும் அவற்றுக்கே.

நாடாவின் இயல்பு

காசெட்டை 1963 ஆம் ஆண்டில் ஃபிலிப்ஸ் நிறுவனத்தார் வெளியிட்டனர். உள்ளே இருக்கும் நாடாவின் அகலம் நான்கு மில்லிமீட்டர்கூட இல்லை. அது நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வீதம் நகர்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் நாடாவின்மீது காந்தத் தன்மையுள்ள துகள் பசையோடு பூசப்பட்டிருக்கிறது. அப்பூச்சில்தான் குரல் இருக்கிறது. வெப்பமும் ஈரமும் பசையைக் கெடுக்கும். காந்தம் குரலையே கெடுக்கும். 60 நிமிடக் காசெட்டைவிட 90 நிமிடக் காசெட்டின் நாடா மெல்லியது. ஆதலால் எளிதில் சுருளும், எளிதில் அறும்.

நாகபுரியின் கோடை 45 பாகையைத் தொடும் கோடை. தகரக் கூரையின் கீழ்ப் பரணில் காசெட்டை வைத்திருப்பவர்கள், இதைப் படித்து முடித்தவுடன் அதை இறக்கி, துணி அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிடுவது நலம். ஒலிபெருக்கியின்மேல் வைக்கலாகாது, அதனுள் காந்தம் உண்டு.

பழைய நாடாவை எடுத்தவுடன் ஓட்டுவது ஆபத்து. முதலில் பற்சக்கரத்தின் துளையில் பென்சிலைச் செருகிச் சிறிது சுற்றி, நாடா இறுகி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கருவியிலிட்டு முழுவதும் முன்னே ஓட்டி, முழுவதும் பின்னே ஓட்ட வேண்டும். பல ஆண்டுகள் அசையாதிருந்த சுருள் இதனால் தளர்ந்து சீராகும். காசெட்டின் முதுகில் இரு மூலைகளிலும் சிறு பிளாஸ்டிக் பற்கள் உண்டு. அவற்றை உடைத்துவிட்டால் அக்காசெட்டில் புதிதாக எதுவும் பதிவாகாது. பழைய குரலின்மேல் தவறிப்போய்ப் பதியும் அபாயம் நீங்கும். கருவியின் தலைப்பகுதியைப் பஞ்சில் தொட்ட ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்வதும் இன்றியமையாதது. நாம் துடைத்தபோது பஞ்சு பழுப்பு நிறமாக மாறியது. அந்தப் பழுப்பு, முன்னர் ஓடிய நாடாக்களிலிருந்து உதிர்ந்த துகளே.

கருவியும் கம்பியும்

வேலை செய்யும் டேப் ரிக்கார்டர் ஒன்று வேண்டும். புதிதாக வாங்க வேண்டியதில்லை. நம் சங்கத்து வீடுகள் நான்கில் விசாரித்தால் ஒன்றில் நிச்சயம் கிடைக்கும். காதணிக் கருவி செருகும் துளை அதில் இருந்தால் போதும்.

அத்துளையிலிருந்து கணினிக்கு ஒலியைக் கொண்டுசெல்ல இருமுனைக் கம்பி ஒன்று வேண்டும். இக்கால மடிக்கணினிகள் பலவற்றில் உள்ள துளை, பேசுவதற்கான மைக்குக்கு உரியது. டேப் ரிக்கார்டரின் வலிய ஒலியை அதில் நேரே விட்டால் கரகரப்பே மிஞ்சும். ஆகையால் யு.எஸ்.பி. துளையில் செருகும் சிறு ஒலி இணைப்பான் ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது. 'லைன் இன்' என்ற துளை உள்ளதாகப் பார்த்துக் கேட்க வேண்டும். சீதாபர்டிக் கடைத்தெருவில் நம்மோடு வந்த நண்பர், அத்துளை இல்லாத ஒன்றை மலிவு என்று வாங்கி, மறுநாளே மாற்றி வந்தார்.

காசெட்டைப் போட்டவுடன் தானே கணினிக் கோப்பாக மாற்றித் தருவதாகச் சொல்லும் சிறு கருவிகளும் விற்கின்றன. ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தோம். அதன் ஓட்டம் சீராக இல்லை. நாகஸ்வரத்தின் நீண்ட சுரம் நடுங்கியது. பேச்சுக்கு ஆகலாம், இசைக்கு ஆகாது.

மென்பொருள்

பதிவு செய்ய நாம் தேர்ந்தது ஆடாசிட்டி. அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் இருவர் தொடங்கி, 2000 ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கு வழங்கியது இது. 2021 இல் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. எனினும் இன்றும் விலையில்லை. இதே பெயரில் போலிகளும் உலவுவதால், அதற்குரிய சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ள வேண்டும்.

திறந்தவுடன் பல பொத்தான்கள் கண்ணை மிரட்டும். நமக்கு வேண்டியவை நான்கே: பதிவு, நிறுத்தம், வெட்டு, ஏற்றுமதி. சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு டேப் ரிக்கார்டரை ஓட்டினால், ஒலி அலை வடிவில் திரையில் எழும். மேலே ஓர் அளவுகோல் ஆடும். அது உச்சியைத் தொடாமல் -6 என்ற குறியருகே நிற்குமாறு டேப் ரிக்கார்டரின் ஒலியைக் குறைத்தோ கூட்டியோ வைக்க வேண்டும். உச்சியைத் தொட்ட ஒலி சிதைந்த ஒலி. அதைப் பின்னர்ச் சரிசெய்ய எந்த மென்பொருளாலும் முழுமையாக இயலாது. குறைவாகப் பதிந்ததைக் கூட்டிக்கொள்ளலாம்.

பதிவின் அடியில் 'உம்' என்ற மின்சார ஓசை கேட்டால், மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு மின்கலத்திலேயே ஓட்டிப் பாருங்கள். நம் சோதனையில் அவ்வோசை அந்தக் கணமே மறைந்தது.

இவ்வேலையில் குறுக்கு வழி இல்லை. ஒரு மணி நேரக் காசெட்டுக்கு ஒரு மணி நேரம் செலவாகும். அதுவும் நன்றே. கணினி பதிவு செய்துகொண்டிருக்க, வீட்டார் அனைவரும் அமர்ந்து கேட்கலாம்.

பதிந்ததை முதலில் 'வாவ்' அல்லது 'ஃபிளாக்' என்னும் வகைக் கோப்பாகச் சேமிக்க வேண்டும். இவற்றில் ஒலியின் எப்பகுதியும் கழிக்கப்படுவதில்லை. வாவ் கோப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் இடம் பிடிக்கும். ஒரு மணி நேரக் காசெட்டுக்கு 600 மெகாபைட்டுக்கு மேல் வேண்டும். ஒருவர் மட்டும் பேசிய பதிவை ஒற்றைத் தடமாக மாற்றினால் பாதி இடம் போதும். எம்.பி.3 என்பது காதுக்கு எளிதில் புலப்படாத பகுதிகளைக் கழித்துச் சுருக்கும் முறை. 128 என்ற அளவில் சுருக்கினால் நிமிடத்துக்கு ஒரு மெகாபைட்தான் ஆகும். முன்பு எம்.பி.3 செய்ய ஆடாசிட்டியோடு வேறொரு துணைநிரலையும் சேர்க்க வேண்டியிருந்தது. அம்முறையின் காப்புரிமைக்குக் கட்டணம் பெறும் ஏற்பாடு 2017 இல் முடிவுற்ற பின்னர் அத்தொல்லை ஒழிந்தது. உறவினருக்கு அனுப்ப எம்.பி.3 ஏற்றது. ஆனால் மூலப் பிரதி வாவ் ஆகவோ ஃபிளாக் ஆகவோ இருக்கட்டும். கழித்ததைத் திரும்பச் சேர்க்க முடியாது.

இரைச்சலும் அழகும்

எல்லாக் காசெட்டிலும் 'உஸ்' என்ற இரைச்சல் உண்டு. ஆடாசிட்டியில் இதைக் குறைக்கும் வழி எளிது. யாரும் பேசாத இரண்டு நொடி இடத்தைத் தெரிந்து, 'இதுதான் இரைச்சல்' என்று மென்பொருளுக்கு முதலில் காட்ட வேண்டும். பின்னர்ப் பதிவு முழுவதையும் தெரிந்து, அதே கட்டளையை மீண்டும் கொடுத்தால் அந்த இரைச்சலை மட்டும் அது குறைக்கும்.

இங்கே ஆசை கூடாது. ஒரே பதிவை 6, 12, 24 என்ற மூன்று அளவுகளில் குறைத்துக் கேட்டோம். முதலிரண்டும் நன்றாக இருந்தன. மூன்றாவதில் இரைச்சல் அறவே நீங்கியது. ஆனால் பேசுபவர் குடத்துக்குள் இருந்து பேசுவது போலாயிற்று. மூச்சு விடும் ஒலியும் போயிற்று. பின்னணியில் கேட்ட சேவலின் கூவலும், கிணற்றுக் கப்பியின் கிறீச்சும் தேய்ந்தன. நமக்கு வேண்டியது குரல் மட்டுமா? அந்தக் கப்பியும் நம் ஊர்தானே. ஆகவே சிறிதளவே குறையுங்கள். தொடாத மூலப் பிரதியையும் தனியே வைத்திருங்கள்.

காசெட்டைக் கொடுத்தால் தகட்டில் மாற்றித் தரும் கடைகளும் உண்டு. நமக்குத் தெரிந்த வீட்டார் ஒருவர் ஒரு கடையில் ஆறு காசெட்டுகளைக் கொடுத்தார். திரும்பி வந்த தகட்டில் நான்குதான் இருந்தன. அவையும் இரைச்சல் நீக்கம் என்ற பெயரால் அளவுக்கு மீறி வடிகட்டப்பட்டிருந்தன. காசெட்டுகளைக் கேட்டதற்கு, 'தேவைப்படாது என்று எறிந்துவிட்டோம்' என்று மறுமொழி வந்ததாம். கடையில் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், எண்ணிக்கை எழுதி ரசீது பெற்று, மூலத்தைத் திரும்பத் தர வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தகடுகள்

குறுந்தகட்டை நகலெடுக்க விண்டோஸ் மீடியா பிளேயர் போதும். தகட்டை இட்டு ஒரு பொத்தானை அழுத்தினால், பாடல்கள் சில நிமிடங்களில் கோப்புகளாகும். கீறல் விழுந்த தகட்டுக்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள் ஏற்றது. ஒவ்வொரு பகுதியையும் இருமுறை படித்து, இரண்டும் ஒத்திருந்தால்தான் அது மேலே செல்கிறது. விரைவில் மீடியா பிளேயரும், துல்லியத்தில் இதுவும் முன்னிற்கின்றன.

திருமணப் படத் தகடு வைத்திருப்பவர்கள் அதிலிருந்து ஒலியை மட்டும் எடுக்க வி.எல்.சி. என்ற மென்பொருளில் மாற்றும் வசதி உண்டு. ஒன்றைக் குறிப்பிட வேண்டும். காசெட்டு பழையது, தகடு புதியது என்று எண்ணித் தகட்டை அசட்டை செய்யாதீர்கள். ஒளிப்படக் கடையில் எழுதித் தந்த தகடுகளில் செய்தி ஒரு சாயப் பூச்சில் இருக்கிறது. வெயிலிலும் வெப்பத்திலும் அச்சாயம் மங்கும். தாத்தாவின் காசெட்டு பாடிக்கொண்டிருக்க, பேரனின் திருமணத் தகடு ஊமையாகிப் போவது உண்டு.

அழைப்பொலி

இனி இளைஞர்களின் கேள்விக்கு வருவோம். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். நம்மை அழைப்பவர் காதில் கேட்பது வேறு. நம் கைப்பேசியில் ஒலிப்பது வேறு. முன்னது தொலைபேசி நிறுவனத்தின் கருவியில் இருப்பது. அதை நிறுவனம் வைத்தால்தான் உண்டு; நிறுவனம் கேட்கும் கட்டணத்துக்கும் உட்பட்டது. பின்னது நம் கைப்பேசிக்குள் இருக்கும் ஒரு சிறு கோப்பு. அதற்கு யாருக்கும் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. அழைப்பொலியைக் காசு கொடுத்து இறக்கும் வணிகம் 1998 இல் பின்லாந்து நாட்டில் தொடங்கியது. நோக்கியாக் கைப்பேசியின் புகழ்பெற்ற ஒலியும் புதிதன்று. ஸ்பெயின் நாட்டு இசைவாணர் தாரேகா 1902 ஆம் ஆண்டில் கிதார் என்னும் நரம்புக் கருவிக்காக இயற்றிய இசையின் ஒரு துண்டே அது.

எவ்வளவு நீளம் வேண்டும்? கைப்பேசி அழைப்பு 30 நொடி ஒலிக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய் 2019 ஆம் ஆண்டில் விதித்தது. ஆகவே 30 நொடிக்கு மேற்பட்ட துண்டு வீண். ஐபோனுக்குக் கராஜ்பேண்ட் என்ற செயலி வழியாகச் செய்யும்போதும் 30 நொடிதான் எல்லை.

எத்துண்டை எடுப்பது? கைப்பேசியின் ஒலிபெருக்கி சுண்டுவிரல் நகத்தளவே உள்ளது. தாழ்ந்த ஒலிகள் அதில் எழா. மிருதங்கத்தின் தொப்பி அடியும் தவிலின் இடப்புற முழக்கமும் காணாமற் போகும். நாகஸ்வரம், புல்லாங்குழல், வயலின், பெண் குரல், கோயில் மணி ஆகியவை நன்கு ஒலிக்கும். ஆலாபனையின் மெல்லிய தொடக்கத்தை எடுத்தால், அது காதில் விழுமுன் அழைப்பே முடிந்துவிடும். பல்லவி எழும் இடத்தில் வெட்டுங்கள். தொடக்கத்தில் அரை நொடியும் முடிவில் இரண்டு நொடியும் ஒலி மெல்ல ஏறி இறங்குமாறு ஆடாசிட்டியில் செய்துகொண்டால் வெட்டிய தடம் தெரியாது.

வெட்டிய துண்டை எம்.பி.3 ஆக ஏற்றுமதி செய்து, கைப்பேசியின் 'ரிங்டோன்ஸ்' என்ற அறைக்குள் இட்டுவிட்டு, ஒலி அமைப்பில் சென்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டுக் கைப்பேசிக்கு இவ்வளவே. ஒருவர் பெயருக்கு மட்டும் தனி ஒலி வைக்கவும் வழி உண்டு. ஊரிலிருந்து தாய் தந்தையர் அழைத்தால் ஓர் ஒலி, மற்றவர்க்கு வேறொலி என்று வைத்துக்கொண்டால், சமையலறையிலிருந்தே யார் என்று தெரிந்துவிடும்.

கைப்பேசியிலேயே வெட்டித் தரும் செயலிகள் பல உண்டு. இரண்டை முயன்றோம். ஒன்று நேர்மையாக வேலை செய்தது. மற்றொன்று, பாட்டை வெட்டுவதற்கு நம் குறுஞ்செய்திகளையும் இருப்பிடத்தையும் பார்க்க இசைவு கேட்டது. கத்தரிக்கோல் வாங்கப் போனவனிடம் வீட்டுச் சாவியைக் கேட்டாற்போல் இருந்தது. உடனே நீக்கிவிட்டோம். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.

ஒரு கார்டு கேட்ட அழைப்பொலி

நம் சோதனைக்குக் காசெட்டு தந்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற கார்டு, திருநெல்வேலிப் பக்கத்தவர். அவர் தாயார் பேசி அனுப்பிய காசெட்டு ஒன்றை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரமாக வைத்திருந்தார். ஆடு ஈன்றது, கிணறு வற்றியது, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை வந்தது என்று இருபது நிமிடம் பேசிவிட்டு, முடிவில் அந்த அம்மையார், "ஏலே, சாப்பிட்டியா? உடம்பப் பாத்துக்கோ" என்கிறார். அப்பகுதி வந்ததும் பெரியவர், "தம்பி, இதையே என் போன்ல மணியா வச்சுக் குடுங்க" என்றார்.

ஆறு நொடித் துண்டு. வெட்டி வைத்துக் கொடுத்தோம். நம் கைப்பேசியிலிருந்து அழைத்துக் காட்டியபோது அவர் எடுக்கவில்லை. ஒலி நிற்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். மறுபடி அழைக்கச் சொன்னார், அழைத்தோம். சிறிது நேரம் கழித்து வேறு எவரோ அழைத்தார்கள். "ஏலே, சாப்பி" என்ற அளவில் பெரியவர் பொத்தானைத் தொட, குரல் அறுந்தது. கடன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்பு அது. வேண்டா என்று வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அம்மா பேசிக்கிட்டு இருக்கையில நானே அவ வாயைப் பொத்தின மாதிரி இருக்கு. எடுத்துருங்க தம்பி" என்றார்.

"அண்ணாச்சி, உங்கள் மகளின் கல்யாணக் காசெட்டில் நாகஸ்வரம் நன்றாக இருக்கிறதே" என்றோம். அதிலிருந்து 25 நொடி எடுத்து வைத்தோம். மனநிறைவோடு ஏற்றுக்கொண்டார். தாயாரின் பேச்சு முழுவதையும் பேரப் பிள்ளைகளுக்கு அனுப்பினோம். புனேயில் பிறந்து, தமிழைவிட மராத்தியே சரளமாகப் பேசும் பேத்தி, மூன்று முறை கேட்டுவிட்டு, 'ஏலே' என்றால் என்ன பொருள் என்று அன்றிரவே தாத்தாவை அழைத்துக் கேட்டாளாம்.

இதிலிருந்து நாம் கொண்ட முடிவு இது. அழைப்பொலி என்பது இடையில் அறுபடுவதற்கென்றே அமைந்தது. இசை அறுபட்டால் குற்றமில்லை. மறைந்தவர் குரலை அவ்விடத்தில் வைக்க வேண்டா. அது அமர்ந்து கேட்க வேண்டியது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் வீட்டார் குரலை நாம் நகலெடுக்க எவர் இசைவும் வேண்டியதில்லை. விலைக்கு வாங்கிய பாடலை நகலெடுப்பது வேறு செய்தி. 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், சொந்த உபயோகத்துக்காக நியாயமான அளவில் கையாளுவதற்கு இடம் தருகிறது. நீங்கள் வாங்கிய தகட்டிலிருந்து அரை நிமிடத்தை உங்கள் கைப்பேசியில் வைத்துக்கொள்வது ஒன்று. அதையே நூறு பேருக்கு அனுப்புவதும் விற்பதும் முற்றிலும் வேறு. பின்னதற்கு அச்சலுகை பொருந்தாது.

ஒலிப்பதிவுக்கு உரிமைக் காலம், அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். 1960 இல் வெளியான இசைத்தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2020 முடிவோடு தீர்ந்தது. ஆனால் பாடலை எழுதியவருக்கும் இசை அமைத்தவருக்கும் உள்ள உரிமை தனி. அது அவர்கள் மறைந்த பின்னரும் 60 ஆண்டுகள் நீடிக்கும். விற்பனைத் திரைப்படத் தகடுகள் பலவற்றுக்குப் பூட்டு உண்டு. உரிமையை மீறும் நோக்கோடு அப்பூட்டை உடைப்பது 2012 ஆம் ஆண்டின் திருத்தப்படி தண்டனைக்குரியது. அதற்கான மென்பொருள்களை நாம் முயலவில்லை; அவற்றுக்கு இப்பகுதியில் இடமும் இல்லை.

பெயரிட்டு வையுங்கள்

பார்சல் அலுவலகத்தில் நாள்தோறும் காணும் உண்மை ஒன்று. மூட்டை எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், சீட்டு கிழிந்தால் அது எவருடையதும் அன்று. உரியவர் தேடி வராமல் மூலையில் கிடக்கும். கணினிக் கோப்பும் அவ்வாறே. மென்பொருள் தானாக இட்ட எண்ணோடு விட்டுவிட்டால், பத்து ஆண்டுகளில் உங்களுக்கே அடையாளம் தெரியாது. பேசுபவர் யார், உறவு என்ன, எந்த ஊர், எந்த ஆண்டு என்ற நான்கையும் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். ஆண்டு தெரியாவிட்டால் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். இதை நாளைக்கு என்று ஒத்திப்போடலாகாது. குரலை அடையாளம் சொல்லக்கூடியவர்களும் நாடாவைப் போலவே முதுமை அடைகிறார்கள்.

பிரதிகள் மூன்று இருக்கட்டும். ஒன்று கணினியில், ஒன்று பென் டிரைவிலோ தனி வட்டிலோ, ஒன்று வேறு ஊரில் இருக்கும் உடன்பிறந்தார் வீட்டில். நகலெடுத்து முடிந்தது என்று காசெட்டை எறிந்துவிடாதீர்கள். இன்றைய கருவியைவிட நல்ல கருவி நாளை வரலாம்.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணி முதல் சங்கக் கட்டடத்தில் ஒரு டேப் ரிக்கார்டரும், ஒரு மடிக்கணினியும், நாமும் இருப்போம். வீட்டுக் குரல் பதிந்த காசெட்டு ஒன்றை மட்டும் கொண்டு வாருங்கள். ஒரு நாளில் ஆறு காசெட்டுகளுக்கு மேல் ஓட்ட நேரம் இராது. முன்னரே பெயர் தருவோருக்கு முதலிடம். பென் டிரைவ் உங்களுடையது, கட்டணம் இல்லை. பிள்ளைகளையும் உடன் அழைத்து வாருங்கள். கற்றுக்கொண்டு அடுத்த வீட்டுக்குச் செய்துகொடுக்க வேண்டியவர்கள் அவர்களே.

அடுத்த இதழில், பழைய கடிதங்களையும் ஒளிப்படங்களையும் கைப்பேசியாலேயே படமெடுத்துக் காக்கும் முறையைச் செய்து பார்த்து எழுதுவோம். அது குறித்து ஐயம் உள்ளவர்கள் இத்திங்கள் 20 ஆம் நாளுக்குள் எழுதி அனுப்பக் கோருகிறோம்.